சான்றுப் பொருளுக்கு நாள் வாடகை

காஜா... காஜா மைதீனு... உன்னை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பி நடந்த கூட்டத்தில் உன்னைக் கொன்றவனும் இருந்தான்.

நான்தான் அது.

இதைப் படிக்கிற உங்களிடம் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். காஜா ஓட்டிய ஜீப்பில் ஒரு சக்கரத்துக்குப் பிரேக் போகாமல் அடைத்து அனுப்பியவன் நான். அந்த ஜீப் கம்பம்மெட்டு மலையிலிருந்து உருண்டது. காஜாவோடு ஏலத்தோட்டத்துப் பெண்கள் நான்கு பேர் போனார்கள். எதனால் விழுந்தது என்று கண்டுபிடிக்க அரசாங்கம் ஒரு விசாரணைக் கமிஷன் போட்டது. எனக்குத் தெரிந்ததை முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் கமிஷன் முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை. அது வருஷக்கணக்கில் நடந்தது. அத்தனை நாளும் அந்தக் கமிஷனிடமே வாடகை வாங்கித் தின்றேன்!

எட்டாவதோடு நின்றவன் நான். எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றதை... மற்றதைப் பொறுக்க வேண்டாம்.

என் பெயர் மொக்கராசு. கம்பத்தில் புறவழிச்சாலை ஓரமாக ஒரு ஷெட் வைத்திருக்கிறேன். ஜீப் வேலைதான் அதிகம். காஜா, ராவுத்தர் வீட்டுப் பையன், என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். நான் பள்ளிக்கூடத்தை விட்ட அடுத்த மாதம் அவனும் விட்டான். நீ இல்லாம அங்கன யாருகிட்ட அடி வாங்குறது என்று காரணம் சொன்னான். அவனுக்கு நான் மாப்ள. எனக்கு அவன் மாப்ள. அவன் ரஹ்மத்தைக் கட்டியபோது பெண் வீட்டுக்குச் சீர் கொண்டுபோன வண்டியை ஓட்டியது நான்.

அவன் ஓட்டிய ஜீப் அவனுடையதல்ல. சின்னமனூர்க்காரர் ஒருவருடையது. விடிந்ததும் தெருத்தெருவாகப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறி, கேரளாப் பக்கம் ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் திரும்பக் கூட்டிவர வேண்டும். எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் அடுப்பு எரிவது அந்த ஜீப்புகளால்தான். ஏலப்பழம் எடுக்கிற சமயத்தில் ஒரு நாள் வண்டி ஓடாவிட்டால் தோட்டத்துக்காரர் வேறு வண்டி வைத்துவிடுவார். முதலாளியும் டிரைவரை மாற்றிவிடுவார்.

அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் காஜா வந்தான். இடது முன் சக்கரத்தில் பிரேக் ஆயில் ஒழுகிக்கொண்டிருந்தது. சிலிண்டர் போயிருந்தது. புது சிலிண்டர் தேனியிலிருந்து வர வேண்டும்.

இதற்கு எங்கள் ஷெட்டுகளில் ஒரு வழி உண்டு. ஒழுகுகிற சக்கரத்துக்குப் போகும் குழாயைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு போல்ட்டை முறுக்கி அடைத்துவிடுவோம். மற்ற மூன்று சக்கரத்திலும் பிரேக் பிடிக்கும். நான் மட்டுமல்ல, எல்லாரும் செய்வதுதான். சமதரையில் ஒன்றும் தெரியாது. பாரத்தோடு மலையிறங்கும்போதுதான் தெரியும். அழுத்தி மிதித்தால் வண்டி ஒரு பக்கமாகப் போகும்.

"வலது பக்கம் இழுக்கும் மாப்ள. ரெண்டாவது கியர்லயே எறங்கு. ஞாயித்துக்கெழம கொண்டாந்துரு, சிலிண்டரு வந்துரும்" என்றேன்.

"ஒன் தங்கச்சியுந்தான் ஒரு பக்கமா இழுக்குறா. அவளையே ஓட்டுறேன், இத ஓட்ட மாட்டனா" என்று சிரித்தான். என் தங்கச்சி என்றது ரஹ்மத்தை.

சிலிண்டர் சனிக்கிழமையே வந்துவிட்டது. என் அலமாரியில் இருந்தது. சொன்ன வாக்குப்படி ஞாயிற்றுக்கிழமை அவனும் வந்தான். நான் இல்லை... ஆண்டிபட்டிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக் கெடாவெட்டுக்குப் போய்விட்டேன். வாசலில் நின்று போன் போட்டான். பூட்டியிருக்கிறதே என்றான். அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்வோம் என்றேன். அவன் கோபப்படவில்லை.

"நீங்க அறுத்த கறி எனக்கு ஆகாது. பொரிகடலையாச்சும் வாங்கியா மாப்ள."

கடைசியாக என்னிடம் அவன் கேட்டது அதுதான். அதையும் நான் வாங்கி வரவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் மழை பிடித்தது. வலது பக்கம் பள்ளம் உள்ள வளைவு. ஒரு லாரி எதிரே ஏறி வந்திருக்கிறது. காஜா பிரேக்கை மிதித்திருக்கிறான்... மிதிக்காமல் என்ன செய்வான்?

கிரேன் வைத்து நொறுங்கிய ஜீப்பை மேலே தூக்கினார்கள். போலீஸ் ஸ்டேஷனில் நிறுத்த இடமில்லை. கிரேன்காரர் எனக்குப் பழக்கம். ஷெட்டில் இடம் கிடக்கிறதே, இங்கேயே போடுகிறேன் என்றார். போட்டுவிட்டுப் போய்விட்டார். என் அலமாரியில் அந்தச் சிலிண்டர். அதற்கு எதிரே அந்த ஜீப்!

இறந்தவர்களின் உறவுக்காரர்கள் சாலை மறியல் செய்தார்கள். தலைவர்கள் வந்தார்கள். ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரை வைத்து விசாரணை நடக்கும் என்று அறிவித்தார்கள். அந்தப் பெண்களின் குடும்பத்துக்கு நிவாரணம் உடனே வந்தது. காஜா குடும்பத்துக்கு மட்டும் நிறுத்தி வைத்தார்கள். தப்பு டிரைவர் மேல் இல்லை என்று கமிஷன் சொன்னால்தான் தருவார்களாம்.

ஜீப்பைச் சான்றுப் பொருள் என்று எழுதி ஒட்டினார்கள். விசாரணை முடியும்வரை அது என் ஷெட்டிலேயே இருக்க வேண்டும், நாள் வாடகை தருவோம் என்றார்கள். மேலே போர்த்தப் புதுத் தார்ப்பாய் வந்தது. காவலுக்கு ஊர்க்காவல் படைக்காரர் ஒருவர் வந்தார். பாவம், நல்ல மனுஷன். என்னிடமிருந்து அந்த ஜீப்பைக் காப்பாற்றத்தான் அவரைப் போட்டிருக்கிறார்கள் என்று அவருக்கும் தெரியாது, போட்டவர்களுக்கும் தெரியாது.

ஒரு மத்தியானம் அவரைச் சாப்பிட்டு வரச் சொன்னேன். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் நம்பிப் போனார். தார்ப்பாயைத் தூக்கிவிட்டு உள்ளே படுத்தேன். இருக்கையில் இரத்தம் காய்ந்திருந்தது. யாருடையது என்று தெரியவில்லை... கை நடுங்கியது என்று எழுத ஆசையாக இருக்கிறது. நடுங்கவில்லை. போல்ட்டைக் கழற்றினேன். உடைந்த பழைய குழாய் ஒன்றை அதே இடத்தில் மாட்டினேன். சேற்றைப் பூசினேன். அவர் திரும்பி வந்தபோது நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். எனக்கும் ஒரு பொட்டலம் வாங்கி வந்திருந்தார். சாப்பிட்டேன். போல்ட்டை மறுநாள் முல்லையாற்றில் எறிந்தேன்.

சென்னையிலிருந்து வல்லுநர்கள் வந்தார்கள். விடுதியில் தங்கினார்கள், படம் எடுத்தார்கள், அளந்தார்கள். குழாய் விபத்தில் உடைந்தது என்று எழுதிக்கொண்டு போனார்கள். காரணம் கிடைக்காததால் கமிஷன் வேறு காரணம் தேட ஆரம்பித்தது. சாலையை ஆராய ஒரு குழு, மழையைப் பற்றிச் சொல்ல ஒருவர், செக்போஸ்ட்டில் ஆட்களை எண்ணினார்களா என்று கேட்க ஒரு மாதம்!

உத்தமபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்தார்கள். நீதிபதி ஐயா உட்காரும் அறைக்கு ஏசி மாட்டினார்கள். வாசலில் பந்தல், கார்கள், வக்கீல்கள், தட்டச்சு செய்கிறவர்கள், எல்லாருக்கும் மத்தியானச் சாப்பாடு. முகூர்த்த நாளில் மண்டபம் கல்யாணக்காரர்களுக்குப் போய்விடும். அன்றைக்கு விசாரணை கிடையாது, ஆனால் வந்தவர்களுக்குப் படியும் அறை வாடகையும் உண்டு. ஆவணி மாதத்தில் எத்தனை முகூர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாதா? காலம் போதவில்லை என்று நீட்டிப்பு கேட்டார்கள். கொடுத்தார்கள். மறுபடி கேட்டார்கள்...

நீங்கள் தீப்பெட்டி வாங்கும்போது கட்டிய வரியிலும் அதில் கொஞ்சம் போயிருக்கும். கேளுங்கள், என்னைக் கேளுங்கள். நான் வாய் திறக்காததற்கு நீங்கள்தான் செலவு செய்தீர்கள்.

அந்த வளைவில் அப்போதும் தடுப்புச்சுவர் இல்லை. இரண்டு தார் பீப்பாயில் மண் கொட்டி, சிவப்பு வெள்ளை அடித்து வைத்திருந்தார்கள். சுவர் கட்டலாமா என்று பேச்சியக்கா ஒரு நாள் கேட்டுவிட்டாள். அவள் அந்த ஜீப்பில் வந்து பிழைத்தவள். ஒரு கால் நொண்டி. விசாரணைக்குக் கூப்பிடுகிற நாளெல்லாம் பஸ் ஏறி வருவாள். ஒரு நாள் கூலி போகும். பஸ் காசு பிறகு வரும் என்பார்கள். விசாரணை முடியாமல் அங்கே எதையும் மாற்றக் கூடாது என்று அவளுக்குப் பதில் சொன்னார்கள்.

அன்று திரும்பும் வழியில் என் ஷெட்டில் வந்து உட்கார்ந்தாள். தார்ப்பாயையும் காவல்காரரையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏலே மொக்க, ஒடஞ்ச ஜீப்புக்குக் கூரை, காவலு, வாடகை எல்லாங் குடுக்காக. நானுந்தான அதுல ஒடஞ்சேன். என்னையும் இங்கன ஒரு ஓரமா நிறுத்தி வச்சிக்கடா" என்றாள்.

காவல்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்தேனே!

பயம்தான் முதலில். ஜெயில், ஷெட் போய்விடும், ஐந்து வீட்டுக்காரர்களும் என்னை அடித்தே கொல்வார்கள் என்ற பயம். இரண்டு மாதம் தூக்கமில்லை. அப்புறம் வாடகைப் பணம் மொத்தமாக வந்தது. கம்ப்ரசர் வாங்கினேன். அடுத்த தடவை வந்ததில் தரைக்குச் சிமெண்ட் போட்டேன். காலம் நீட்டித்த செய்தியைக் கமிஷன் கிளார்க் போனில் சொன்னபோது ஒரு தடவை எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. அடைத்தது அவசரத்தில், கழற்றியது பயத்தில் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தச் சந்தோஷத்தை எதில் வைப்பது?

ரஹ்மத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவ்வளவு நேரம் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், நீங்களும் கவனித்திருப்பீர்கள்.

காஜா போன பிறகு அவள் இத்தா இருந்தாள். கணவன் இறந்தவள் வெளியே வராமல் வீட்டுக்குள் இருக்கிற நாட்கள். முதல் விசாரணைகள் அப்போதுதான் நடந்தன. திரைக்குப் பின்னால் இருந்து என்னிடம் பேசினாள். வளைவுக்குக் கீழே காலி பிராந்திப் பாட்டில் கிடந்ததாகப் பேப்பரில் வந்திருந்தது. அந்தச் சரிவில் எங்கே கை வைத்தாலும் பாட்டில்தான் கிடக்கும். காஜா தொட்டவனே இல்லை. இரத்தப் பரிசோதனையும் அப்படித்தான் சொன்னது. ஆனாலும் அவள் பிள்ளையிடம் தெருவில் யாரோ உங்க அத்தா குடிகாரனா என்று கேட்டிருக்கிறார்கள்.

"பணம் வந்தா வருது, வராட்டிப் போகுதுண்ணே. அவுக மேல தப்பில்லன்னு எழுதிட்டாப் போதும். அவுக வண்டிய நீங்கதான பாத்தீக. நீங்க சொன்னா நம்புவாக" என்றாள்.

சொல்கிறேன் தங்கச்சி என்றேன்.

என் முறை வந்த நாளில் அவள் இத்தா முடிந்து மண்டபத்துக்கு வந்திருந்தாள். இரண்டாவது வரிசை. மடியில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. நீதிபதி ஐயா தன்மையான மனுஷர். பயப்படாமல் சொல்லுங்கள் தம்பி என்றார். வண்டியைக் கடைசியாகப் பார்த்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். பிரேக் எப்படி இருந்தது?

ரஹ்மத் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். தைரியமாகச் சொல்லுங்கள் என்கிற மாதிரி.

"நல்லா இருந்துச்சுங்க ஐயா. காஜா வண்டிய எப்பவுமே நல்லா வச்சிருப்பான்."

மண்டபத்தில் எல்லாரும் என்ன நினைத்தார்கள்? கூட்டாளிக்காகப் பரிந்து பேசுகிறான் என்றுதானே? ரஹ்மத் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கு மட்டும் தெரியும். வண்டி நன்றாக இருந்தால் தப்பு யாருடையது? மழை பொதுவானது, சாலை எல்லாருக்கும் உள்ளது. மிச்சம் இருப்பது ஓட்டியவன்தான்! அவனுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுக்கிற குரலிலேயே அவன் தலையில் கல்லைப் போட்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வரச் சொல்லி அனுப்பினாள். சோறாக்கி வைத்திருந்தாள். காஜா உட்காருகிற இடத்தில் என்னை உட்கார வைத்துப் பரிமாறினாள். கூடப்பிறந்தவன் செய்கிறதைச் செய்தீர்கள் என்றாள். முழுவதும் சாப்பிட்டேன். கழுவின கையோடு பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு வந்தேன்.

கடைசியில் அறிக்கை வந்தது. தடித் தடியாகப் புத்தகம் போல அச்சடித்து, அட்டை போட்டுக் கொடுத்தார்களாம். இவ்வளவு செலவுக்கும் எங்கள் ஊருக்குக் கிடைத்தது ஒரே விஷயம். வாகனத்தில் குறை இல்லை, ஓட்டுநரின் வேகமும் கவனக்குறைவுமே காரணம். அதற்குச் சாட்சியாகப் பட்டறைக்காரர் மொக்கராசுவின் வாக்குமூலம்.

ரஹ்மத்துக்கு நிவாரணம் இல்லை என்று தாள் வந்தது. பள்ளிவாசல் தெருவில் அவளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் உண்டு. இறந்துபோன நான்கு பெண்களில் ஒருத்தியின் புருஷன் அவள் வீட்டு வாசலில் வந்து காறித் துப்பிவிட்டுப் போனான். எனக்கு அது மறுநாள்தான் தெரிந்தது. தெரிந்து என்ன செய்தேன்? அன்றைக்கு வேலை நிறைய இருந்தது.

ஜீப்பைப் பழைய இரும்புக்கு ஏலம் விட்டார்கள். கடைசி வாடகையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கக் கிளார்க் வந்தார். அன்று ஏதோ ஒரு வேகம் எனக்கு... சொல்லிவிடலாம் என்று தோன்றியது. நேராகச் சொல்ல வரவில்லை. இனிமேல் யாராவது வந்து உண்மை வேறு என்று சொன்னால் என்ன சார் செய்வார்கள் என்று கேட்டேன்.

"அறிக்கை குடுத்ததோட கமிஷன் கலைஞ்சு போச்சு தம்பி. இனி கேக்க ஆளு இல்ல. புதுசா ஏதாச்சும் வந்தா அதுக்கு இன்னொரு கமிஷன்தான் போடணும்" என்றார். ஜீப் நின்ற சிமெண்ட் தரையைப் பார்த்தார். "போட்டா ஒனக்கும் நல்லதுதான. எடம் காலியாத்தான கெடக்கு."

அவர் விளையாட்டுக்குச் சொன்னார். நான் கையெழுத்துப் போட்டேன்.

போலீஸ் ஸ்டேஷன் என் ஷெட்டிலிருந்து நடக்கிற தூரம். கமிஷன் கலைந்தால் ஸ்டேஷனும் கலைந்துவிடுமா? நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். நானும் என்னைக் கேட்டுக்கொண்டேதான் அந்த வழியாகத் தினம் போகிறேன்.

ரஹ்மத் இப்போது தானே ஏலத்தோட்டத்துக்குப் போகிறாள். அதே மெட்டு, அதே வளைவு, வேறு ஜீப். போன மாதம் என் ஷெட் முன்னால் இறங்கினாள். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீக. வண்டி நல்லா இருந்துச்சுன்னு நீங்க சொன்னதாலதான் அவுக மேல எழுதிட்டாகளா?"

இரண்டு வருஷம் நடந்த கமிஷன் கேட்காத கேள்வி. அவள் மட்டும் கேட்டாள்.

பெரிய ஆட்கள் எழுதுவது நமக்கு எங்கே புரிகிறது தங்கச்சி என்றேன்.

"நா உங்களத் தப்பா நெனக்கலண்ணே. உள்ளதத்தான சொன்னீக" என்றாள். கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்கே அவள் பின்னால் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. முகம் தெரியாத உங்களிடம் எழுத முடிகிறது, நாலு தெரு தள்ளி இருக்கிற அவளிடம் சொல்ல முடியவில்லை. இதை யாராவது அவளுக்குப் படித்துக் காட்டிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. யாராவது படித்துக் காட்ட மாட்டார்களா என்றும் இருக்கிறது. இவன் எப்படிப்பட்டவன் என்று கேட்கிறீர்களா? இப்படிப்பட்டவன்தான்.

என்னைப் பற்றி நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று. அரசாங்கம் அச்சடித்த புத்தகத்தில் இருப்பதை நம்பாதீர்கள். காஜா மைதீன் வேகமாக வரவில்லை. நான் சொன்னபடி இரண்டாவது கியரில்தான் இறங்கியிருக்கிறான். போல்ட்டைக் கழற்றிய அன்று, கியர் அதிலேயே சிக்கிக் கிடந்ததை என் கையால் தொட்டுப் பார்த்தேன். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

அவனுக்காகத் துஆ செய்யுங்கள். பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் அங்கே, கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போகிறவர்கள் அங்கே, எங்கும் போகாதவர்கள் இருந்த இடத்திலேயே ஒரு நிமிஷம். அவனோடு போன நான்கு பெண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர் சொல்லிக் கேளுங்கள், காஜா மைதீன் என்று.

என் பெயரை அதில் சேர்க்க வேண்டாம்.